ஒன்றும் செய்யாமல் பதினைந்து நிமிடம்

1

எங்கள் மீன் தொழிற்சாலையில் புதிதாக ஓர் அறையைத் திறந்திருக்கிறார்கள். வேலை நேரத்தில் அதற்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, பதினைந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். சம்பளத்தில் கழிக்க மாட்டார்களாம். இதை வாசிக்கிற உங்களில் யாராவது நம்புவீர்களா? நானும் நம்பவில்லை.

நான் இருப்பது நோர்வேயின் வட கோடியில் ஒரு கடலோரச் சிற்றூர். உரும்பிராயிலிருந்து இங்கு வந்து இந்தக் கிழமையோடு மூன்று வருடம் முடிகிறது. இவர், என் கணவர், எனக்கு முன்னமே வந்து இதே தொழிற்சாலையின் இறங்குதுறையில் வேலை செய்கிறார். எனக்கு உள்ளே வேலை. கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் கண்ணாடி மேசையில் மீன் துண்டுகள் வரும். அவற்றில் முள்ளும் புழுவும் பார்த்து எடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மூன்றரை வரை நின்றபடியே. எங்கள் மகள் அபிக்கு நான்கு வயது. தொழிற்சாலைக்கு மேலே உள்ள மேட்டில் சிறுவர் நிலையம் இருக்கிறது. அவள் அங்கே போகிறாள்.

யாழ்ப்பாணத்தில் நீங்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிற காலத்தில், கிளாலிக் கடலேரியில் படகேறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வருகிற காலத்தில், ஓய்வெடுப்பதைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஆனால் நடந்தது ஓய்வைப் பற்றியது மட்டுமல்ல என்பதால் மூன்றாம் தரமும் எழுதுகிறேன்.

அறை திறப்பதற்கு முன் ஒரு படிவம் தந்தார்கள். தந்தவர் தொழிற்சாலைக்கு வாரம் இரண்டு நாள் வருகிற தாதி. இங்கே யாரையும் மிஸ் என்றோ மேடம் என்றோ சொல்வதில்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. ஆகையால் கூப்பிடுவதே இல்லை. பக்கத்தில் போய் நின்று இருமுவேன்.

படிவத்தில் இருந்த கேள்விகள் இவை. உடம்பில் எங்காவது நோகிறதா? இரவில் நித்திரை வருகிறதா? ஒரு நாளில் உங்களுக்கென்று எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்கள்? வீட்டில் சிறு பிள்ளை உண்டா? பிள்ளையைப் பார்ப்பது களைப்பாக இருக்கிறதா?

கடைசிக் கேள்வியில் என் பேனை நின்றுவிட்டது. தெற்கே ஒரு நகரத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பிள்ளையைச் சிறுவர் நல அலுவலகத்தார் வந்து கொண்டுபோய்விட்டார்கள் என்று எங்களுக்குள் ஒரு கதை உலாவுகிறது. தாய்க்கு ஏலாது, மனம் சோர்ந்துபோனாள் என்று காரணம் சொன்னார்களாம். எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால்தானோ என்னவோ, நான் முழுதாக நம்பினேன்.

நோகிறதா என்றதற்கு இல்லை என்று எழுதினேன். நித்திரை நன்றாக வருகிறது. எனக்கென்று நேரம் தேவைப்படுவதில்லை. பிள்ளையால் களைப்பே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் என்ன சொல்லச் சொல்லி வளர்த்தார்களோ அத்தனையும் சொன்னேன்.

அடுத்த கிழமை அந்த அறைக்கு முன்னால் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள்.

“பார் பிள்ளை, உன்ரை பேர்தான் முதலாவது,” என்றா மேரி அக்கா. குருநகர்க்காரி. என்னோடு ஒரே மேசையில் நிற்கிறவ. “பெரிய ஆள்தான் நீ.”

“ஏன் அக்கா என்ரை பேரை முதல் போட்டவை?”

“எனக்கென்ன தெரியும். நான் ஆறாவது. இடுப்பு முறியுது, கை விறைக்குது, புருசன் குறட்டை விடுறான் எண்டு ஒண்டும் விடாமல் எழுதினனான். நான் போய்ச் சண்டை பிடிக்கப்போறன்.”

எங்கள் ஊரில் பட்டியலில் பெயர் முதலாவதாக வருவது பரீட்சை முடிவுக்கு மட்டும்தான் நல்லது. மற்ற எந்தப் பட்டியலில் வந்தாலும் வீட்டில் அடுப்பு எரியாது. பட்டியலில் இருந்த கையெழுத்தை உற்றுப் பார்த்தேன். மற்றப் பெயர்களைவிட என்னுடையதை அழுத்தி எழுதியிருப்பதுபோல் தெரிந்தது.

2

அன்றே தாதி என்னைக் கூப்பிட்டார்.

“உங்கள் தோளைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

நான் ஒரு அடி பின்வாங்கினேன். அவர் கையைக் கீழே விட்டுவிட்டார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, “பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்,” என்றார்.

எங்கள் வீட்டில் தோளைப் பார்த்தவர்கள் இதற்கு முன் ஒரே ஒரு தரம்தான் வந்தார்கள். அப்போது அபி கைக்குழந்தை. தம்பிக்குக் காய்ச்சல். பட்டப்பகலில் போர்வையால் மூடிக்கொண்டு படுத்திருந்தான். இராணுவம் சுற்றிவளைத்து வீடு வீடாக வந்தது. பகலில் ஒரு இளந்தாரி ஏன் படுத்திருக்கிறான், காயமா, என்று கேட்டார்கள். காய்ச்சல் என்று அம்மா தமிழில் சொன்னா, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் சேட்டைக் கழற்றச் சொல்லி அவனுடைய தோளைத் தடவிப் பார்த்தார்கள், துவக்குச் சுமந்த தழும்பு இருக்கிறதா என்று. தோட்டத்தில் தண்ணீர் வாளி சுமந்த காய்ப்பு இருந்தது. அதைக் காட்டி நாலு மணித்தியாலம் வீதியில் இருத்தி வைத்தார்கள். பிறகு விட்டார்கள். இன்று அவன் கொழும்பில் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும் அவன் பகலில் படுப்பதில்லை. கதிரையில் இருந்தபடி நடுங்குவான்.

தாதிக்கு இதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த நொர்ஸ்க் மொழி கடைக்கும் பேருந்துக்கும் போதும். இதற்குப் போதாது. “நோகவில்லை, நன்றி,” என்று சொல்லிவிட்டு மேசைக்கு வந்தேன். வலது தோள் எரிந்துகொண்டிருந்தது.

3

ஓய்வெடுக்கத் தெரியாதவர்கள் நாங்கள் என்று இங்கத்தையவர்கள் நினைக்கக்கூடும். அது சரியில்லை. எங்களுக்கு ஓய்வு உண்டு. அதற்கு வேறு ஒரு பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து ஊறவிட்டு அரை மணித்தியாலம் இருக்கலாம், அது முழுக்கு. விரதமென்றால் ஒரு நேரச் சமையல் குறையும். காய்ச்சலென்றால் படுக்கலாம், அதுவும் மற்றவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகு. சும்மா படுத்திருந்தேன் என்று சொல்கிற ஒரு பெண்ணை நான் உரும்பிராயில் கண்டதில்லை.

நான் அச்சுவேலியில் ஒரு சங்கத்தின் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். சைக்கிளில் போய், நாள் முழுக்கப் பேரேட்டில் குனிந்திருந்து, நாலரைக்கு வீட்டுக்கு வருவேன். அம்மா சமையல் முடித்து, சாமான் கழுவி, உள் அறையின் சீமெந்துத் தரையில் தலைக்கு மணைப்பலகை வைத்துச் சரிந்திருப்பா. நானும் பக்கத்தில் சரிவேன். அம்மாவின் ஒரு காது எப்போதும் வெளியில் இருக்கும். ஒழுங்கையில் அப்பாவின் சைக்கிள் திரும்பும்போது மணி கேட்கும்.

“எழும்பு எழும்பு, கொப்பர் வாறார்.”

அப்பா படலையைத் திறப்பதற்குள் அம்மா விளக்குமாற்றோடு முற்றத்தில் நிற்பா. நான் கிணற்றடியில் நிற்பேன். அப்பா ஏசுகிற மனிதர் இல்லை. ஒருநாளும் ஏசியதில்லை. அப்படியானால் ஏன் எழும்பினோம்? கேட்டிருந்தால் அம்மா, “வேலைக்குப் போட்டு வாற மனிசன் எங்களைப் படுத்த கோலத்திலை காணுறதோ?” என்றிருப்பா. நானும் வேலைக்குப் போய் வந்தவள்தான். அது இருவருக்கும் தோன்றவில்லை.

இங்கே வந்த பிறகு ஒருநாள் மீன் துண்டைத் திருப்பும்போது திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் ஒழுங்கையில் எதிரே வர ஒரு சனமும் இல்லை. கோழிகூடக் குறுக்கே போகாது. பிறகு ஏன் அப்பா ஒவ்வொரு நாளும் அந்தத் திருப்பத்தில் மணி அடித்தார்? நாங்கள் எழும்ப வேண்டும் என்றுதானோ? அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டே, எங்களைப் படுத்திருக்க விட்டு, எழும்புவதற்கும் நேரம் தந்தாரா? கேட்பதற்கு அவர் இல்லை. அம்மாவுக்கு எழுதிக் கேட்கலாம். அவ அதை வேறு விதமாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

அப்பா இறந்த பிறகு வந்த முதல் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனோம். தம்பி கடமை முடிக்க, அம்மாவும் நானும் பெண்களின் கேணியில் இறங்கினோம். அம்மா கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றா. நெடுநேரம் நின்றா. அடுத்தவர்கள் இறங்கி ஏறிப்போனார்கள். ஒருவர் வந்து படியில் சத்தமாகக் கதைத்தபோதும் அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அவவுடைய முகத்தை நான் அப்படி வேறு எப்போதும் கண்டதில்லை. அதற்கும் ஒரு கடமையின் பெயர் இருந்ததால்தான் அது முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். துக்கத்தில் நிற்கிறா என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். இப்போது இராணுவம் இருப்பதால் அந்தப் பக்கம் ஒருவரும் போக முடியாது என்று கேள்விப்படுகிறேன்.

4

பட்டியலில் பெயர் இருப்பதால் போகாமலும் இருக்க முடியாது. போகாவிட்டால் அதையும் குறிப்பார்கள். எனவே பத்து மணிக்கு அந்த அறைக்குப் போகத் தொடங்கினேன்.

ஒரு நீள இருக்கை, கம்பளிப் போர்வை, மங்கலான விளக்கு. தண்ணீர் ஓடும் சத்தத்தை ஒலிநாடாவில் பதிந்து மெதுவாகப் போட்டிருந்தார்கள். சுடுநீர்ப் பை ஒன்றை உறை போட்டு வைத்திருந்தார்கள், நோகிற இடத்தில் வைப்பதற்கு. நான் முதலில் திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தேன். விளக்கின் அடியைப் பார்த்தேன். என்ன தேடினேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. பிறகு கதவைப் பார்த்தபடி நின்றேன். நிற்கச் சலித்ததும் போர்வையை மடித்தேன். மடித்ததை விரித்து, இன்னும் நேராக மடித்தேன். மூன்று நாள் இப்படிப் போனது. நாலாம் நாள் மேரி அக்கா தட்டாமல் கதவைத் திறந்தா.

“உள்ளுக்கை என்னடி செய்யிறாய்?”

“ஒண்டுமில்லை அக்கா.”

“ஒண்டுமில்லாமல்தான் கையிலை துணியோடை நிக்கிறியோ?”

“சன்னல்லை தூசி கிடந்தது.”

“மாதாவே. அந்தத் தாதி உன்னைப் படு எண்டு விட்டால் நீ அறையைத் துடைச்சுக் குடுக்கிறாய். நாளைக்கு உதையே உனக்கு வேலையாக்கிப் போடப்போறாங்கள், பாத்துக்கொள்.”

“ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம் அக்கா?”

“படுத்திருக்கிறாள் எண்டு நினைப்பினம். வேறை என்னத்தை நினைக்கிறது?”

அவ என்னைத் தள்ளிவிட்டு இருக்கையில் விழுந்து, சுடுநீர்ப் பையை இடுப்புக்குக் கீழே செருகினா.

“எட்டுப் பிள்ளை பெத்த எங்கடை அம்மாவுக்கு உப்பிடி ஒரு அறை கிடைச்சிருந்தால் ஒன்பதாவதும் பெத்திருப்பா. போ, நீ போய் மீனைப் பார். உன்ரை பதினைஞ்சு நிமிசத்தையும் நானே படுக்கிறன்.”

இரண்டு நிமிடத்தில் குறட்டை கேட்டது.

அன்று பின்னேரம் இவரிடம் சொன்னேன். பட்டியல், படிவம், தோள் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இஞ்சருமப்பா, அதெல்லாம் இருக்கட்டும். உமக்கு நோகுதோ இல்லையோ?”

“நோகுது.”

“எப்ப தொடக்கம்?”

“போன மாரி தொடக்கம்.”

அவர் கையிலிருந்த தேநீரை வைத்துவிட்டார். “எனக்கும் சொல்லேல்லை.”

“நீங்கள் இரவு பகலா நிண்டுபோட்டு வாறியள். அதுக்கை நான் என்னத்தைச் சொல்லுறது?” என்றேன். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். “களைப்பெண்டு எழுதினால் பிள்ளையைக் கொண்டுபோவினமோ?”

சிரித்தார். “உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம். அப்பிடி ஒண்டும் நடக்காது.” சொல்லிவிட்டு எழும்பிப்போய், எங்கள் அனுமதிப் பத்திரங்கள் இருக்கிற மேசை லாச்சியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து இருந்தார்.

அதற்கு மூன்றாம் நாள் அபியின் பையில் சிறுவர் நிலையத்திலிருந்து ஒரு துண்டு வந்தது. அபியின் ஓய்வு நேரம் பற்றிக் கதைக்க வேண்டும், வசதியான ஒரு நாள் வாருங்கள் என்று இரண்டே வரி. அன்று பின்னேரம் வீட்டைக் கழுவினேன். அலுமாரியை ஒழுங்குபடுத்தினேன். அலுவலகத்தார் வந்து பார்த்தால் தெரியட்டும் என்று தோடம்பழம் வாங்கி ஒரு கிண்ணத்தில் மேசை நடுவில் வைத்தேன். அபி ஒன்றைக் கேட்டபோது, “இப்ப வேண்டாம்,” என்றேன். அவள் நொர்ஸ்கில் ஏதோ முணுமுணுத்தாள். இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்க அவள் நொர்ஸ்கில் பதில் சொல்வதே வழக்கமாகிவிட்டது. அம்மா என்ற சொல் மட்டும் இன்னும் மாறவில்லை.

5

சிறுவர் நிலைய ஆசிரியை இளம் பெண். பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்கால் நாடியைத் தொட இருந்தார். எனக்கும் அப்படி ஒரு கதிரை.

“சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் அரை மணித்தியாலம் பாயில் படுப்பார்கள்,” என்றார். “நித்திரை கொள்ள வேண்டும் என்று இல்லை. சும்மா இருந்தால் போதும். அபி படுக்கமாட்டாள். படுத்தாலும் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் துள்ளி எழும்பி விளையாட்டுச் சாமான்களை அடுக்கத் தொடங்குவாள். இப்போது பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படித்தான். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. போன கிழமை அரை மணித்தியாலமும் அழுகிற முகத்தோடு நின்றாள். மற்றப் பிள்ளைகளை எழுப்பும்போது ஒன்று சொல்கிறாள். உங்கள் மொழிதான். நான் பாடமாக்கி வைத்திருக்கிறேன்.”

கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, அவர் சொன்னார்: “எழும்புங்கோ, ஆரோ வருகினம்.”

வீட்டில் தமிழ் பேசாத பிள்ளை அங்கே பேசிய ஒரே தமிழ் அது.

விளையாட்டுப் பாட்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேன். சொன்னால் நம்பியும் இருப்பார். ஆனால் அழுகிற முகத்தோடு நின்றாள் என்று கேட்ட பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அர்த்தத்தைச் சொன்னேன்.

“யார் வருகிறார்கள்?” என்று கேட்டார்.

“ஒருவரும் இல்லை.”

பிறகு நான் துண்டு துண்டாகச் சொன்னேன். வேலையால் வந்து சோபாவில் சாய்வேன், படிக்கட்டில் சத்தம் கேட்டால் எழும்பிவிடுவேன், மேல்வீட்டுக்காரராக இருந்தாலும், கடிதம் கொண்டு வருகிறவராக இருந்தாலும். எழும்பி எதையாவது துடைப்பேன். பிள்ளை பக்கத்தில் படுத்திருந்தால் அவளையும் எழுப்புவேன். அவள் அதைப் படித்துக்கொள்கிறாள் என்று நான் நினைக்கவில்லை.

“என் மூத்த சகோதரியும் உங்களைப் பற்றிக் கவலைப்பட்டார்,” என்றார் ஆசிரியை. “தொழிற்சாலைத் தாதி.”

எனக்குக் காது சுட்டது. நான் சந்தேகப்பட்டது சரி. இரண்டு பேரும் கதைத்திருக்கிறார்கள். அதை அவரிடமே சொன்னேன்.

“கதைத்தோம். கதைத்திருக்கக் கூடாதுதான்,” என்றார், முகம் சிவந்து. “ஒரு குறையும் இல்லை என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தானாம். எட்டு மணித்தியாலம் நிற்கிற எவரும் அப்படி எழுத முடியாது, ஏதோ பெரிதாக இருக்க வேண்டும் என்று பயந்துதான் உங்களை முதலாவதாகப் போட்டிருக்கிறார்.”

பட்டியலின் உச்சிக்கு என்னை ஏற்றியது நான் எழுதிய நல்ல விடைகள்தான். அழுத்தி எழுதியிருந்ததும் உண்மையாக இருக்கலாம்.

“இதை எங்கேயாவது எழுதுவீர்களா? அலுவலகத்துக்கு?” என்று கேட்டேன். அந்த நாள் முழுக்க நான் கொண்டுதிரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

“எதை எழுதுவது? தாய் வந்து கதைத்தார் என்றா?” என்றார். முகத்தில் கள்ளம் தெரியவில்லை. கள்ளம் தெரியாத முகங்களையும் நான் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அவரை முழுதாக நம்புகிறேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் கேட்டது ஒரு சின்ன விஷயம். எனக்குரிய பதினைந்து நிமிடத்தைச் சாப்பாட்டு இடைவேளையோடு சேர்த்துக்கொண்டு, சில நாள் மத்தியானம் மேட்டுக்கு வந்து அபிக்குப் பக்கத்தில் படுக்க முடியுமா?

மேரி அக்காவிடம் சொன்னேன். “போ,” என்றா. “உன்ரை பங்குக் கட்டில் எனக்குத்தானே.”

செவ்வாய்க்கிழமை போனேன். வெள்ளைக் காற்சட்டையோடு, மீன் மணத்தோடு, பதினொரு பிள்ளைகளுக்கு நடுவில் இறப்பர் பாயில் படுத்தேன். பக்கத்துப் பாயில் இருந்த குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டது. அபி படுக்கவில்லை. என் தலைமாட்டில், கதவைப் பார்த்தபடி நின்றாள்.

“அபிக்குட்டி, வாங்கோ, படுங்கோ.”

“நீங்கள் படுங்கோ அம்மா,” என்றாள் இரகசியமாக, தமிழில். “நான் பாக்கிறன். ஆரும் வந்தால் சொல்லுறன்.”

நாலு வயதுப் பிள்ளையை நான் காவலுக்கு நிறுத்தியிருக்கிறேன். என்னிடமிருந்து அவளை யாரோ கொண்டுபோவார்கள் என்று பயந்துகொண்டிருந்த இத்தனை நாளும் அவள் என் தலைமாட்டில் இப்படித்தான் நின்றிருக்கிறாள்.

ஒருவரும் வரமாட்டினம் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். கதவு என்றால் யாராவது வருவார்கள்.

“வந்தால் வரட்டும்,” என்றேன்.

“ஏசமாட்டினமோ?”

“தெரியாது. ஏசினால் படுத்துக்கொண்டு கேப்பம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு படுத்தாள். நோகிற தோளில்தான் தலையை வைத்தாள். நான் அவளை மற்றப் பக்கம் மாற்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் நடையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வெளிக்குளிர் தரையோடு வந்து காலில் பட்டது. என் கைக்குக் கீழே பிள்ளையின் முதுகு விறைத்தது. என் முதுகும் விறைத்தது. அவள் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பது கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. வந்தவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கண்ணைத் திறக்கவில்லை. அவளுடைய தலை மறுபடி தோளில் இறங்கும் வரைக்கும், இறங்கிய பிறகும், திறக்கவில்லை.